ஒன்பதாவது படி

என் கடை மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. அடியில் என்றால் பக்கத்தில் என்று நினைத்துவிட வேண்டாம். படிக்கட்டின் முதுகுதான் என் கடைக்குக் கூரை. பெரிய தாளில் வரைபடம் அச்சடிக்கும் இயந்திரம் ஒன்று, நகல் எடுக்கும் இயந்திரம் ஒன்று, முக்காலி மூன்று, அப்புறம் நான். கொஞ்சம் உயரமான ஆள் உள்ளே வந்தால் தலையைக் குனிந்துகொண்டுதான் பேச வேண்டும். உலகத்திலேயே பணிவான வாடிக்கையாளர்கள் உனக்குத்தான் என்று ஒருதரம் கேலி செய்வான்.

ஒருதரம் என்பது ஆளின் பெயர், நாங்கள் வைத்தது. மாடியில் குடியிருந்தவன். வீடு கட்டுகிறவர்களுக்குக் கணினியில் பிளான் வரைந்து கொடுப்பது தொழில். "ஒருதரம் ஒழுங்கா வரைஞ்சிட்டாப் போதும், ஆயுசுக்கும் இழுத்து இழுத்துப் போட்டுக்கலாம்" என்று வாய்க்கு வாய் சொல்லுவான். அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. அவன் சொன்னது அவன் தொழிலின் சூட்சுமம். ஒரு கதவை மெனக்கெட்டு வரைந்து சேமித்து வைத்துவிட்டால் பிறகு எந்த வீட்டுக்கும் கதவு வரையவே வேண்டாம். எடுத்துச் சுவரில் வைத்தால் எத்தனை அடி அகலம் என்று கேட்டுக்கொண்டு தானே உட்கார்ந்துவிடும். கட்டில், ஜன்னல், கைகழுவும் தொட்டி, அடுப்பு மேடை எல்லாம் அப்படித்தான். ஒவ்வொன்றும் ஒரு பிளாக். எல்லாம் சேர்ந்தால் லைப்ரரி. அவன் திரையின் இடது ஓரத்தில் அவை சின்னச் சின்னப் படங்களாக வரிசை கட்டி நிற்கும். மற்றவர்கள் நாலு நாள் மாரடிக்கிற பிளானை அவன் விடிந்ததும் ஆரம்பித்துப் பதினோரு மணிக்கு முடித்துவிட்டுப் பென்டிரைவோடு என் கடைக்கு இறங்கி வருவான். அச்சடித்த தாளைச் சுருட்டிக்கொண்டு பதினொன்றேகாலுக்கு ஏறிப் போவான்.

அவன் ஏறுகிற சத்தம் எனக்கு மனப்பாடம். எட்டுப் படி ஒரே சீராக வரும். பிறகு ஒரு மூச்சு இடைவெளி. ஒன்பதாவதில் 'தொம்'. பத்தாவது, படி திரும்புகிற இடம், அது அவசரமாக 'டக்'. எங்கள் ஒன்பதாவது படி கொஞ்சம் ஓங்கினாற்போல் இருக்கும். இந்தக் கட்டடத்தில் புழங்குகிற எல்லார் காலுக்கும் அது தெரியும், வாய்தான் ஒரு நாளும் பேசினதில்லை. புதிதாக வருகிறவர்கள் தடுக்கினால், பார்த்து வரக்கூடாதா என்று அவர்களையே திட்டுவோம். ஏனென்றால் அந்தப் படியைக் கட்டினவர் ஒருதரத்தின் அப்பா, கொத்தனார். தன் வேலையில் மயிரிழை பிசகாது என்று அவருக்கு எண்ணம். எழுபத்திரண்டு வயதிலும் அவர் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல யாருக்கும் துணிச்சல் கிடையாது.

போன வருஷம் சிறுநீரகம் கெட்டு, நாலு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து, ஒருதரம் போய்விட்டான். நாற்பத்தோரு வயது. குழந்தை குட்டி இல்லை. அவன் படுக்கையில் விழுந்த நாளிலிருந்து அவன் நாற்காலியில் அவன் மனைவி உட்கார்ந்தாள். அவனிடமே வேலை பழகியவள்தான். நான் தங்கச்சி என்று கூப்பிடுவேன். மாடியில் இப்போது மாமனாரும் மருமகளும் மட்டும்.

அவன் போன பிறகும் சில நாள் பதினொன்றேகாலுக்கு என் தலைக்கு மேல் அந்தச் சத்தம் கேட்டது. நான் பேய் பிசாசு நம்புகிற ஆள் இல்லை. எலி என்று சொல்லிக்கொண்டேன். எலிக்கு எட்டு வரை எண்ணத் தெரியுமா என்று என்னைக் கேட்க ஆள் இல்லாததால் அந்தப் பதிலே போதுமானதாக இருந்தது.

ஒரு மழை வாரத்தில் மருந்துக்கடைக்காரர் ஒருவர் போனில் கூப்பிட்டார். நகரத்தின் அந்தக் கோடியில் புது வீடு கட்டிக் குடிபோய் இரண்டு மாதம். பிளான் தங்கச்சி போட்டுக் கொடுத்தது. அதில் இன்னொரு நகல் வேண்டும், அம்மா விழுந்து கிடக்கிறாள், கடைக்கு வர முடியாது, கொண்டுவந்து தருவீர்களா என்றார். நான் எங்கேயும் கொண்டுபோய்க் கொடுப்பவன் இல்லை. அம்மா என்றதும் வாய் திறந்து மறுக்க முடியவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு போனேன்.

வாசலில் செருப்பை விட்டேன். மாடியிலிருந்து வாங்க வாங்க என்றார். ஏறினேன். எட்டுப் படி ஏறியதும் என் கால் தானாக நின்று, கொஞ்சம் கூடுதலாகத் தூக்கி, தொம் என்று வைத்து, அடுத்ததை டக் என்று தாண்டியது. அந்தச் சத்தம் என் காதில் விழுந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அது என் கடையின் கூரைச் சத்தம். வாழ்நாளில் முதல் தடவையாக நுழைகிற வீட்டில் என் கால் வழி தெரிந்து நடந்திருக்கிறது.

மேலே நின்றிருந்தவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க தடுக்கலையே" என்றார். "இந்தப் படியில தடுக்காம ஏறினது நீங்க ஒருத்தர்தான்."

பிறகு அவரே சொல்லிக்கொண்டு போனார். டைல்ஸ் ஒட்ட வந்தவனுக்கு அங்கே விழுந்து கை பிசகியது. மைத்துனர் விழுந்தார். போன வாரம் அம்மா உருண்டு இடுப்பெலும்பு போய்விட்டது. இனி நடப்பது கஷ்டம் என்கிறார்கள். மனைவி மாடிக்கு வருவதையே நிறுத்திவிட்டாள், படியில் ஏதோ இருக்கிறது என்று. நான் படித்தவன், நம்புவதில்லை, ஆனால் எங்கம்மாவை ஏதோ ஒன்று தள்ளியிருக்கிறதே என்றார். கீழே அறைக்குள்ளிருந்து அந்தக் கிழவியின் குரல் வந்தது. "யாருப்பா அது? விழாம ஏறினது யாரு?"

டேப் இருக்கிறதா என்று கேட்டு வாங்கி, குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு படியாக அளந்தேன். எட்டு வரை ஆறாறு அங்குலம். ஒன்பது ஏழு. பத்து ஐந்து. மொத்தம் சரியாக ஐந்தடி.

திரும்பி வந்து எங்கள் மாடிக்கு ஏறியபோது மணி மூன்று. தங்கச்சி அப்போதுதான் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஒரு கை சோற்றில், ஒரு கை மவுஸில். அவள் சாப்பாடு அப்படித்தான் ஆகிவிட்டது. நான் சொன்னதைக் கேட்டதும் தட்டைத் தள்ளி வைத்தாள். அந்த வீட்டுப் படத்தைத் திறந்து படிக்கட்டைப் பெரிதாக்கினாள். ஒவ்வொரு படிக்கும் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று பக்கத்தில் எழுதியிருந்தது. எட்டுக்கு நாலடி. ஒன்பதுக்கு நாலடி ஏழு அங்குலம். பத்துக்கு ஐந்தடி. அந்த எண்களை மனிதர் யாரும் எழுதுவதில்லை, மென்பொருளே எழுதிக்கொள்ளும். கம்பியும் பலகையும் அடிக்கிறவர்கள் தரையிலிருந்து டேப் பிடித்து அந்த எண்ணில் கோடு போடுவார்கள். கூட்டிப் பார்த்தால் மொத்தம் சரியாக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. நான் அதை எத்தனையோ தடவை அச்சடித்திருக்கிறேன். என் குருட்டுக் கண்ணுக்கும் பட்டதில்லை.

"இது லைப்ரரில இருக்கற படி அண்ணே" என்றாள். குரல் இறங்கிவிட்டது. "பத்தடி உசர வீட்டுக்கெல்லாம் இதைத்தான் போடுறேன்."

எத்தனை வீடு என்று கேட்டேன். தேடினாள். பதினாலு. அதில் கட்டி முடித்தவை ஒன்பது. அவள் அந்தப் பட்டியலில் விரலை வைத்து ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டு வந்தாள். பதினாலில் ஒன்று ஒரு டாக்டரம்மா கட்டுகிற பிரசவ ஆஸ்பத்திரி. படிக்குப் பலகை அடித்து முடித்தாயிற்று; மழை விட்டால் மறுநாள் காலை கான்கிரீட். வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெண்கள் ஏறப்போகிற படி.

இத்தனையும் உள்ளறையில் கேட்டிருக்கிறது. கொத்தனார் வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. செத்தவன் தலையில் கட்டப் பார்க்கிறீர்களா, என் பையன் தப்பாக வரைவானா, கட்டினவனுக்குக் கை கோணல் என்று சொல்லுங்கள் என்று எங்கள் இருவரையும் பிடிபிடி என்று பிடித்தார். அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அவன் தப்பு என்றுதான் அவளும் அப்போது நினைத்தாள். அதனால்தான் அந்த பிளாக்கைத் தனியாகத் திறந்து பார்க்கவே அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

திறந்தாள். குறிப்பு எழுத அதற்குள் ஒரு சின்னக் கட்டம் உண்டாம். இழுத்துப் போடுகிறபோது அது கண்ணில் படாது; தொழிலில் யாரும் அதை நிரப்புவதுமில்லை. அவன் நிரப்பியிருந்தான். அவள் மெதுவாக வாசித்தாள்.

"நம்ம வீட்டுப் படி. அப்பா கட்டினது. வேலை பழகறப்போ படிப்படியா அளந்து அப்படியே வரைஞ்சது. ஒன்பதாவது ஒரு இஞ்ச் உசரம். பாக்கறதுக்கு மட்டும். வேலைக்கு எடுக்கக் கூடாது."

அப்புறம் அவள் எங்களைப் பார்க்காமலே சொன்னாள். அவன் ஆஸ்பத்திரியில் கிடந்த முதல் வாரம். ஒரு பிளானை மறுநாளே கொடுத்தாக வேண்டும். அவன் வேலைக்கென்று வைத்திருந்த படி வேறு. அது தளத்து உயரம், படி எண்ணிக்கை என்று ஏதேதோ கேட்கும், தானே சமமாகப் பிரித்துக்கொள்ளும். அவளுக்கு அதை இயக்கத் தெரியவில்லை. அவனைக் கேட்கலாம் என்றால் மருந்து மயக்கத்தில் கிடந்தான். பழைய கோப்புகளைத் துழாவியதில் இது கிடைத்தது. கைப்பிடி, படி விளிம்பு, உயரம் எல்லாம் போட்டு அவ்வளவு அழகாக இருந்தது. எடுத்துத் திரை ஓரத்து வரிசையில் வைத்துவிட்டாள்.

"இழுத்து வெக்க ரெண்டு நிமிஷங்கூட ஆகல அண்ணே. அப்புறம் வேலை என்னமா ஓடுச்சு தெரியுமா."

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. குறிப்பை அழித்துவிடு என்றேன். அவன் வரைந்த படி அவன் பேரிலேயே இருக்கட்டும். அவனுக்கு இனி யார் வேலை கொடுக்கப் போகிறார்கள், யார் பிடுங்கப் போகிறார்கள்? உனக்கு ஊரில் பெயர் கெட்டால் மாமனாருக்குக் கஞ்சி ஊற்றுவது யார்? பெரியவர் நிற்கும்போதே சொன்னேன். அவரும் என்னைத் திட்டவில்லை.

"எடுக்காதேன்னு எழுதி வெச்சுட்டுப் போயிருக்காரு" என்றாள். "நான் இதை அழிச்சா அவர் மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

இல்லாத ஆளின் முகத்தில் முழிப்பது பற்றி அவள் பேசியது எனக்கு விநோதமாகவே படவில்லை. அந்த வீட்டில் அப்போது நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம் என்று அடித்துச் சொல்லவும் என்னால் ஆகாது.

கொத்தனார் என் கையிலிருந்த டேப்பை வாங்கிக்கொண்டார். மருந்துக்கடைக்காரரின் டேப், பதற்றத்தில் கையோடு கொண்டுவந்துவிட்டிருந்தேன். வெளியே போய் எங்கள் படியில் உட்கார்ந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒன்பதாவதில் வைத்துப் பார்த்தார். எடுத்துவிட்டு மறுபடியும் வைத்தார். மூன்றாவது தடவையும் அது ஏழுதான்.

"பதினஞ்சு வருஷமாத் தெரிஞ்சிருக்கு அவனுக்கு" என்றார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. நான் பாட்டுக்கு என் படி, என் படின்னு பீத்திக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன். சிரிச்சுக்கிட்டே கேட்டுக்கிட்டிருந்தான்."

அவர் அழுது நான் பார்த்ததில்லை, மகனைக் கொண்டுபோன அன்றும். அன்று படியில் உட்கார்ந்து அழுதார். மருமகள் இரண்டு படி கீழே நின்றுகொண்டு அவர் முழங்காலைத் தொட்டபடி இருந்தாள்.

அப்படியே புறப்பட்டுப் போனோம், மூன்று பேருக்கும் இரண்டு குடை. ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் மேஸ்திரி சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார். நிறுத்துங்கள் என்றதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு இஞ்சுக்கா மழையில் இந்தக் கூட்டம், பூச்சு வேலையில் சரிக்கட்டிவிடலாம் தாயே, வீட்டுக்குப் போய்ச் சூடாக டீயைக் குடியுங்கள் என்றார். கொத்தனார் பலகைக்குள் இறங்கி, கட்டிய கம்பிமேல் கால் வைத்து நின்று, பலகையில் போட்டிருந்த ஒன்பதாம் கோட்டைக் கட்டைவிரலால் அழித்தார்.

டாக்டரம்மா வந்தார். வயதில் சின்னவர்தான், ஆனால் கத்தரித்தாற்போல் பேசுகிறவர். தங்கச்சி விஷயத்தைச் சொன்னாள். அவர் முழுதும் கேட்டுவிட்டு ஒன்று கேட்டார்: "இதை வரைஞ்சது உங்க வீட்டுக்காரரா?"

ஆமாம் என்று ஒரு சொல் போதும். அது பொய்கூட இல்லை, வரைந்தவன் அவன்தானே. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவர் எடுக்கக்கூடாதுன்னு எழுதி வெச்சிருந்தாரு" என்றாள். "பாக்காம எடுத்தது நான். கட்டி முடிச்ச ஒன்பது வீட்டுக்கும் போய் இதையேதான் சொல்லப்போறேன்."

டாக்டரம்மா படியை நிறுத்தச் சொல்லி மேஸ்திரிக்குக் கை காட்டினார். சொன்னதற்கு நன்றி என்றார். மேல்தளத்துப் பிளான் வேலையை இனி வேறு ஆளிடம் கொடுத்துக்கொள்வதாகவும் அதே குரலில் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. திரும்பி வரும்போது அவள் என்னிடம் சொன்னதெல்லாம், பசிக்கிறது, காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பதுதான். வழியில் நின்று ரொட்டி வாங்கிக் கொடுத்தேன். நடந்துகொண்டே தின்றாள்.

அன்றைக்கே லைப்ரரியில் படியைத் திருத்திவிட்டாள். ஒரு கோடு ஒரு அங்குலம் இறங்கியது, அவ்வளவுதான். ஒவ்வொரு படத்தையும் திறந்து புதிதை ஏற்றியபோது அதிலிருந்த படி எல்லாம் இமைக்கும் நேரத்தில் சரியாகிவிட்டது. எனக்குக் காட்டினாள். ஆனால் கான்கிரீட்டுக்கு அந்த வித்தை தெரியாது. ஒன்பது வீட்டுக்கும் அவளும் கொத்தனாரும் ஏறி இறங்கினார்கள். அவள் சொல்லுவாள், வசவு வாங்குவாள். அவர் தட்டுமுட்டுப் பையைத் திறந்து உளியும் சுத்தியலுமாகப் படியில் குந்திவிடுவார். டைலைப் பெயர்த்து, அடியிலிருக்கிற கலவையைச் சுரண்டி, கான்கிரீட்டைப் பூப்போலக் கொத்தி, ஒரு அங்குலம் இறக்கி மறுபடி ஒட்டுவார். ஒரு வீட்டுக்கு இரண்டு நாள். கூலியென்று எவர் கொடுத்தாலும் கை நீட்டவில்லை. மருந்துக்கடைக்காரர் போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டது. அவர் அம்மாதான் படுக்கையிலிருந்தபடி அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாளாம். பேய் என்றால்கூட மனசு ஆறியிருக்கும், ஒரு இஞ்சா என்னைத் தள்ளியது என்று கேட்டாளாம். அந்தக் கிழவி கடைசிவரை எழுந்து நடக்கவில்லை.

ஒன்பதாவது வீடு முடிந்த மறுநாள் காலை. மழை ஓய்ந்து வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கொத்தனார் பையோடு எங்கள் படிக்கு வந்தார். இனி மிச்சம் இதுதான் என்றார். எட்டாவது படியில் உட்கார்ந்தார். உளியை எடுத்து ஒன்பதாவதின் விளிம்பில் வைத்தார். சுத்தியலையும் ஓங்கினார். நான் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், தங்கச்சி மேலே திருப்பத்தில் நின்றாள். அவர் ஓங்கின கை அப்படியே நின்றது. பிறகு உளியைப் பைக்குள் போட்டார்.

"இதை மட்டும் விட்டுடலாம்மா" என்றார். "அவன் கால் இதுக்குத்தான் பழகியிருக்கு. வர்றப்போ தடுக்கிடுவான்."

இன்னொரு நாளாக இருந்தால் ஏதாவது கிண்டல் சொல்லியிருப்பேன். தங்கச்சி "சரி மாமா" என்று மட்டும் சொல்லி அவரைக் கைப்பிடித்துக் கீழே கூட்டி வந்தாள். டீ வாங்கி வந்தேன். மூன்று பேரும் என் கடைக்குள் குனிந்து நுழைந்து முக்காலியில் உட்கார்ந்தோம். புதிதாக ஒரு வேலை வந்திருக்கிறது, இரண்டு அறை வீடு, சின்னதுதான் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். என் முக்காலியிலிருந்து தெருவாசல் முழுதாகத் தெரியும். யாரும் உள்ளே வரவில்லை. மாடியிலும் ஆள் இல்லை.

தலைக்கு மேல் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒரே சீராக எட்டு. தங்கச்சியின் கையில் டம்ளர் பாதியில் நின்றது. ஒரு மூச்சு இடைவெளி. தொம். அப்புறம் டக்.

நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. எலி என்றும் யாரும் சொல்லவில்லை. கொத்தனார் கூரையைப் பார்த்தபடி இருந்தார்.

"தடுக்கல பாரு" என்று மருமகளிடம் சொல்லிவிட்டு, மிச்ச டீயைக் குடித்தார்.